மேலே கேட்க ஆளில்லை

அராஜகம் என்றால் நமக்கு அடிதடி, அட்டூழியம். சர்வதேச உறவுப் பாடத்தில் அர்த்தம் வேறு: அரசன் இல்லாத நிலை. நாடுகளை மேலேயிருந்து அதட்டிக் கேட்க யாருமில்லை, அவ்வளவுதான்.

பெங்களூர்வாசியான எனக்கு இதைப் புரியவைத்தது காவிரி. எத்தனை சண்டை வந்தாலும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருஷம் 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் தீர்ப்பு சொன்னது.

சிந்து நதிக்கு அப்படி யாருமில்லை. 1948 ஏப்ரலில் இந்தியாவின் கிழக்கு பஞ்சாப், பாகிஸ்தானுக்குப் போன கால்வாய்த் தண்ணீரை நிறுத்தியது. மேலே ஆளில்லாவிட்டால் அவரவர் பாதுகாப்பு அவரவர் பாடு என்று கென்னத் வால்ட்ஸ் 1979-ல் எழுதியது இதைத்தான்.

ஆனால் 1960-ல் உலக வங்கி நடுவில் நிற்க, நேருவும் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்திட்டார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் அவர்களுக்கு. 1965, 1971, 1999 போர்களிலும் ஒப்பந்தம் முறியவில்லை. அராஜகம் எப்படியிருக்கும் என்பது நாடுகள் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பதைப் பொறுத்தது என்று 1992-ல் எழுதிய அலெக்சாண்டர் வெண்ட் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. தடுக்க மேலே யாருமில்லை. வால்ட்ஸ் சொன்னது சரிதானோ? இருக்கலாம். ஆனால் கேட்க ஆளில்லாமலே கிட்டத்தட்ட 65 வருஷம் தண்ணீர் ஓடியதே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.