செட்டில்மென்ட் பத்திரத்தில் விடுபடும் வாக்கியம்: முதியோர் பராமரிப்பும் சட்டமும்

முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புக்குத் திட்டமிடுவது குறித்து எழுதப்படுபவை, பெரும்பாலும் சேமிப்பும் ஓய்வூதியமும் உள்ள குடும்பங்களை மனத்தில் கொண்டவை. சேரியில் வாழும் முதியவரிடம் எஞ்சியிருப்பவை ஒரு வீட்டுமனை, ஓர் உதவித்தொகை, கூலிக்குச் செல்லும் பிள்ளைகள் ஆகியவையே. அந்த மனையை எழுதிக்கொடுக்கும் நாளில்தான் பல முதியோர் தம் கடைசிப் பிடிமானத்தையும் இழக்கிறார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

தான செட்டில்மென்ட் பத்திரம் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். எழுதியவர் அதைத் தம் விருப்பப்படி ரத்து செய்ய இயலாது. உயில் அப்படிப்பட்டதன்று. எழுதியவரின் இறப்புக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். சுயநினைவு உள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும். எழுதுபவர் கைநாட்டு வைக்கலாம். எனவே, முதலில் நினைக்கவேண்டியது உயிலையே என்பது நம் கருத்து. ஆனால், குடும்பத்தாருக்குள் முத்திரைக் கட்டணம் குறைவு என்பதாலும், பிள்ளைகளின் அவசரத்தாலும் செட்டில்மென்டே மிகுதியாக எழுதப்படுகிறது.

அப்படி எழுதுவதானால் ஒரு நிபந்தனை அதில் இடம்பெற வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அடிப்படை வசதிகளும் தேவைகளும் அளிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்தவர் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதை நிறைவேற்றத் தவறினால், அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இப்பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, தனித்தாளில் எழுதப்பட்டிருந்த உறுதிமொழியைக் கணக்கில் கொண்டது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு மூதாட்டியின் வழக்கில், அன்பின் பேரில் கொடுப்பதே மறைமுகமான நிபந்தனைதான் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் இப்படி வேறுபடும்போது, உயர் நீதிமன்றம்வரை செல்ல வசதியற்றவர்கள் அவற்றை நம்பியிருத்தல் ஆகாது. பத்திர எழுத்தரிடம் இவ்வாறு எழுதச் சொல்ல வேண்டும்: “எழுதிக்கொடுப்பவரின் ஆயுள் முழுவதும் உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை எழுதிப் பெறுபவர் அளிக்க வேண்டும், தவறினால் இப்பத்திரம் ரத்துக்குரியது, எழுதிக்கொடுப்பவர் ஆயுள்வரை இவ்வீட்டில் குடியிருக்கும் உரிமை உடையவர்.” பெற்ற பிள்ளையிடமா நிபந்தனை எனச் சிலர் தயங்குவர். பராமரிக்கும் பிள்ளைக்கு இவ்வாக்கியத்தால் இழப்பேதும் இல்லை.

தீர்ப்பாயம் என்பது தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே. முதியவரால் இயலாவிடில் அவர் அனுமதித்த ஒருவரோ ஓர் அமைப்போ மனு அளிக்கலாம். சட்டம் குறிப்பிடும் பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். கூலிவேலை செய்யும் மகனிடமிருந்து அதை வசூலிப்பது ஏட்டளவிலேயே சாத்தியம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பஞ்சமி நிலம் வைத்திருப்போருக்குத் தனி எச்சரிக்கை தேவை. மருத்துவச் செலவுக்காக அதைப் பிற சாதியாருக்கு விற்பது, 1892இல் தொடங்கிய அந்த ஒப்படைப்பின் நிபந்தனைகளுக்கு முரணானது. நோய்ப் படுக்கையின் நெருக்கடியில் அடிமாட்டு விலைக்குக் கைமாறும் நிலம் மீள்வது அரிது. அரசு அளித்த இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கும் நிபந்தனைகள் உண்டு. கைமாற்றும் முன் அவற்றைப் படித்தறிவது அவசியம்.

பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடும். அதாவது, மறதிநோய் முற்றி அது மிகவும் தேவைப்படும் காலத்தில் அது பயன்படாது. அதன் பிறகு நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும். நினைவு தெளிவாக உள்ளபோதே உயிலை எழுதிவிட வேண்டும். வங்கிக் கணக்கை இருவரில் எவரும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றிவிட வேண்டும். கணக்கில் குறிக்கப்படும் நாமினி வாரிசு ஆகிவிடமாட்டார். பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர் மட்டுமே.

வரவைப் பொறுத்தவரை, முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதில் 80 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்தவருக்கு வருங்கால வைப்புநிதி பிடிக்கப்பட்டு, 10 ஆண்டுப் பணியும் நிறைந்திருந்தால் அதிலும் ஓய்வூதியம் உண்டு; பலருக்கு இது தெரிவதே இல்லை. மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவுக்கானது, வீட்டில் கிடப்பவரைக் கவனிக்கும் ஆளுக்கான கூலியைத் தராது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம்.

அந்தக் கூலியில்லா வேலையைப் பெரும்பாலும் மருமகளே செய்கிறார். 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகள் என்று வரையறுப்பது மகன், மகள், பேரன், பேத்தியரை மட்டுமே. மாமியாருக்குப் பல ஆண்டுகள் பணிவிடை செய்தவர் என்பதற்காக மருமகளுக்கு அவருடைய சொத்தில் பங்கேதும் தானாக வந்துவிடாது. வரவேண்டும் என்று முதியவர் விரும்பினால் உயிலில் அவர் பெயர் இருக்க வேண்டும்.