நடுக்குடல் முறுக்கம்

நடுக்குடல் முறுக்கம் என்பது, கருவில் உரிய முறையில் சுழன்று அமையாத குடல், தனக்குக் குருதி கொணரும் தமனியையே அச்சாகக் கொண்டு முறுக்கிக்கொள்வதால் ஏற்படும் அவசர நிலை ஆகும். இது அரிதானது. குடல் சுழற்சிக் குறைபாட்டின் அறிகுறிகள் ஏறத்தாழ 6000 பிறப்புகளுக்கு ஒன்றில் வெளிப்படுகின்றன. பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே. முறுக்கம் ஏற்பட்டபின் சில மணி நேரத் தாமதமும் குடல் அழுகக் காரணமாகலாம்.

தோன்றும் விதம்

கருவின் ஆறாம் வாரமளவில், வயிற்றறையை விட வேகமாக வளரும் குடல் தொப்புள்கொடிக்குள் புகுகிறது. பத்தாம் வாரமளவில் வயிற்றினுள் திரும்புகிறது. இதனூடே அது தன் முதன்மைத் தமனியைச் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 270 பாகை சுழல்கிறது. சுழற்சி நிறைவுற்றால் சிறுகுடலின் தொடக்கம் இடது மேற்புறத்திலும் முடிவு வலது கீழ்ப்புறத்திலும் நிலைபெறும். குடலைத் தாங்கும் சவ்வு இவ்விரு புள்ளிகளுக்கிடையே நீளமாகப் பின்சுவரைப் பற்றியிருப்பதால் குடல் எளிதில் முறுகாது. சுழற்சி இடையில் நின்றுவிட்டால் இரு முனைகளும் அருகருகே அமைந்து, அப்பிடிப்பு குறுகிய காம்பாகிவிடுகிறது. கொடியில் விரித்துப் போட்ட துணி காற்றில் முறுகுவதில்லை. ஒரே முடிச்சில் தொங்கவிட்ட துணி முறுகும். ஏறக்குறைய அதுவே இங்கும் நிகழ்கிறது.

அறிகுறிகள்

நலமாகப் பால் குடித்துவந்த குழந்தை திடீரெனப் பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பதே முதன்மை அறிகுறி. கைக்குழந்தைகள் வெண்மையாகப் பாலைக் கக்குவது இயல்பு. பச்சை நிறமோ பித்தநீரைக் குறிக்கும். அதாவது, பித்தநீர் குடலில் சேரும் இடத்திற்கு அப்பால் அடைப்பு இருக்கலாம். பச்சை வாந்திக்கு வேறு காரணங்களும் உண்டு எனினும், முறுக்கம் இல்லை என உறுதியாகும் வரை அது உள்ளதாகவே கருதப்பட வேண்டும். தொடக்கத்தில் வயிறு மென்மையாகவே இருப்பது ஏமாற்றக்கூடியது. வயிறு வீங்குவதும் மலத்தில் குருதி கலப்பதும் குடல் நலிந்த பின்னரே தோன்றும்.

மாறுபாட்டு மருந்து கொடுத்து எடுக்கும் எக்சு கதிர்ப் படத்தில் சிறுகுடலின் தொடக்கம் தக்கைத் திருகு போலத் தெரியும். மீயொலிப் படத்தில் குருதிக் குழல்கள் நீர்ச்சுழி போலச் சுற்றியிருப்பதைக் காணலாம். குழந்தையின் நிலை மோசமாயின் படங்களுக்குக் காத்திராமல் அறுவை செய்யப்படுகிறது.

அறுவை மருத்துவம்

இதற்கான அறுவையை 1936 இல் விவரித்தவர் பாசுடன் நகரின் குழந்தை அறுவை மருத்துவர் வில்லியம் லாட் (1880–1967). முறுக்கு வழக்கமாகக் கடிகாரத் திசையில் அமைவதால், குடல் எதிர்த்திசையில் திருப்பி விடுவிக்கப்படுகிறது. பின்னர், முன்சிறுகுடலின் குறுக்கே கிடந்து அதை அழுத்தும் பட்டைகள் வெட்டப்பட்டு, காம்பு அகலமாக்கப்படுகிறது. வியப்பு என்னவெனில், குடல் இயல்பான இடத்திற்குக் கொண்டுவரப்படுவதே இல்லை. சிறுகுடல் வலப்புறமும் பெருங்குடல் இடப்புறமுமாக வைக்கப்படுகின்றன. குடல்வால் இடப்பக்கம் போய்விடுவதால், பிற்காலத்தில் அது அழற்சியுற்றால் கண்டறிவது கடினம் எனக் கருதி வழக்கமாக அதையும் அகற்றிவிடுவர்.

குடலின் உயிர்ப்பு ஐயத்திற்குரியதாயின், 24 முதல் 48 மணி நேரத்திற்குப் பின் மீண்டும் வயிற்றைத் திறந்து பார்ப்பதுண்டு. பெரும்பகுதி அழுகி அகற்றப்பட்ட குழந்தைகளுக்கு, எஞ்சிய குடல் தகவமையும் வரை, நாளம் வழியாக ஊட்டம் அளிக்க வேண்டியிருக்கும்.