மேகக்கணிமை அலுவலக மென்பொருள்: சென்னையின் பங்கு

கடிதம் எழுதுதல், கணக்குப் போடுதல், மின்னஞ்சல் அனுப்புதல் முதலிய பணிகளுக்கான மென்பொருளை நம் கணினியில் நிறுவாமல், தொலைவிலுள்ள வழங்கிகளில் இயங்கச் செய்து இணையம் வழியே பயன்படுத்துவதே மேகக்கணிமை அலுவலக மென்பொருள் ஆகும். இதன் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு.

தொடக்கம்

1990களில் இத்தகைய மென்பொருள் குறுவட்டில் வந்தது. பத்துக் கணினிகள் இருந்தால் பத்திலும் தனித்தனியே நிறுவ வேண்டும். 2005ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் ரைட்லி என்னும் இணையவழி எழுதுகருவி வெளிவந்தது. அதை 2006 மார்ச்சில் கூகுள் வாங்கியது. அதே 2005இல் ஸோஹோ ரைட்டர் வெளிவந்தது. 1996இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய அட்வென்ட்நெட் என்னும் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. 2009இல் அந்நிறுவனம் ஸோஹோ எனப் பெயர் மாறியது. மைக்ரோசாப்டின் ஆபிஸ் 365 வந்தது 2011இல்தான்.

நிர்வாகியின் பணி

முன்பு பீரோ சாவி தலைமை எழுத்தரிடம் இருக்கும். இன்று அந்த இடத்தில் இருப்பவர் நிர்வாகி, அதாவது அட்மின். புதிதாகச் சேர்பவருக்குக் கணக்குத் தொடங்குவது, எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என வரையறுப்பது, விலகியவரின் கணக்கை உடனே மூடுவது ஆகியவை இவருடைய கடமைகள்.

நிரல் எழுதுதல்

திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைச் சிறு நிரலிடம் ஒப்படைக்கலாம். இதற்காக 2006இல் வெளிவந்த ஸோஹோ கிரியேட்டரில் டெலூஜ் என்னும் நிரல்மொழி அமைந்தது. கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் 2009இல் வந்தது.

எடுத்துக்காட்டாக, கோடம்பாக்கத்தில் ஒரு படத் தயாரிப்பு அலுவலகத்தைக் கருதுவோம். நடிகர்களின் கால்ஷீட் ஒரு விரிதாளில் உள்ளது. தினமும் மாலை 6 மணிக்கு அதைப் படித்து, மறுநாள் படப்பிடிப்புக்கு வர வேண்டியவர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்ப ஒரு பக்க நிரல் போதும். ஆனால் இத்தகைய நிரல் பெரும்பாலும் அதை அமைத்தவரின் கணக்கில், அவருடைய உரிமையோடு இயங்குகிறது. அவர் விலகிக் கணக்கு மூடப்பட்டால் நிரலும் நின்றுவிடும். ஆகவே முக்கிய நிரல்களைத் தனியொருவர் பெயரில் வைக்காமல் அலுவலகத்தின் பொதுக் கணக்கில் வைப்பது நல்லது.

சாவி யாரிடம்?

நிர்வாகிக்கும் மேலே ஒரு சாவி உண்டு. அது சேவை வழங்கும் நிறுவனத்திடம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததையடுத்து, குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. ஊழியர்களால் மின்னஞ்சலைத் திறக்க இயலவில்லை. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாள்களில் சேவை மீண்டது.

அதே ஆண்டில், மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்ட செய்தி வெளிவந்தது. தரவு உள்நாட்டில், உள்நாட்டுச் சட்டத்தின்கீழ் இருப்பது ஒரு பாதுகாப்பே. எனினும் உள்நாட்டு நிறுவனத்தின் வழங்கியும் பிறருடைய கணினிதான். எந்த நிறுவனத்தின் சேவையானாலும், முக்கியக் கோப்புகளின் நகல் ஒன்றைத் தன் கையில் வைத்திருக்கும் அலுவலகமே இடர் வரும்போது தடையின்றி இயங்கும்.