கிராஅத்: ஓதலே சான்று

தமிழ் முஸ்லிம்களின் விழா அழைப்பிதழ்களில் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் 'கிராஅத்' என்றுதான் தொடங்கும். அங்கே அதற்குக் குர்ஆன் ஓதுதல் என்று பொருள். அரபுக் கல்வியில் அதே சொல் இன்னும் நுட்பமானது. குர்ஆனின் ஒரு சொல்லை இன்ன ஆசிரியர் வழியில் இன்னபடி ஓத வேண்டும் என்னும் முறையையும் அது குறிக்கும். 'கரஅ' என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. ஓதுபவரைக் குறிக்கும் 'காரி'யும் அதன் கிளையே.

இதற்குத் துணைச்சொல் 'ஹர்ஃப்'. விளிம்பு என்னும் பொருளோடு எழுத்து, சொல், வகை என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. அதன் பன்மை 'அஹ்ருஃப்'. நபித்தோழர் ஹிஷாம் இப்னு ஹகீம், ஃபுர்கான் அத்தியாயத்தைத் தாம் கற்றதற்கு மாறாக ஓதக் கேட்ட உமர் (ரலி), அவரை நபிகளாரிடம் இழுத்துச் சென்றார். இருவரின் ஓதலும் இறங்கியபடியே என்ற நபிகளார், குர்ஆன் ஏழு அஹ்ருஃபில் அருளப்பட்டது, இயன்றதை ஓதுங்கள் என்றார். புகாரியின் தொகுப்பில் உள்ள செய்தி இது. அந்த ஏழு எவை? ஒரே பொருளை வெவ்வேறு சொல்லால் சொல்லும் வழக்குகள் என்றார் உரையாசிரியர் தபரீ. இப்னு குதைபா வேறுபாடுகளையே ஏழு வகையாகப் பிரித்துக் காட்டினார்.

கி.பி. 650 அளவில் கலீஃபா உஸ்மான் (ரலி) நகரங்களுக்கு அனுப்பிய பிரதிகளில் குற்றுயிர்க் குறிகள் இல்லை. மதீனா, மக்கா, பஸ்ரா, டமாஸ்கஸ், கூஃபா நகரங்களின் ஓதல் மரபுகளிலிருந்து பக்தாதின் இப்னு முஜாஹித் (இறப்பு 936) ஏழு ஓதுநரைத் தேர்ந்து நூல் செய்தார். அந்த எண்ணால் ஒரு குழப்பமும் பிறந்தது. ஏழு ஓதுநரும் ஏழு அஹ்ருஃபும் ஒன்றே எனப் பலர் நம்பத் தொடங்கினர். அது தவறென்று பின்வந்த அறிஞர்கள் கண்டித்தனர். இப்னுல் ஜஸரீ (1350–1429) மேலும் மூவரைச் சேர்த்த பத்து ஓதல்களை நிலைநிறுத்தினார்.

அவர் வகுத்த அளவுகோல் மூன்று: ஓதல் அரபு இலக்கணத்துக்கு ஏதேனும் ஒரு வகையில் பொருந்த வேண்டும், உஸ்மானியப் பிரதியின் எழுத்துரு அதற்கு இடம் தர வேண்டும், ஆசிரியர் தொடர் பழுதற்றதாக இருக்க வேண்டும். இவை ஏட்டளவில் நின்ற விதிகள் அல்ல. இப்னு மிக்ஸம் என்ற ஓதுநர், எழுத்துருவும் இலக்கணமும் இடங்கொடுத்தால் போதும், ஆசிரியர் தொடர் வேண்டாம் என்றார். இப்னு ஷனபூத் உஸ்மானிய எழுத்துருவுக்கு ஒவ்வாத ஓதலை ஓதினார். இப்னுல் ஜஸரீக்கு வெகு முன்பே, 934, 935 ஆண்டுகளில், பக்தாதில் இருவரும் விசாரிக்கப்பட்டுத் தம் நிலையைக் கைவிட்டனர்.

புள்ளியும் குறியும் இல்லாத எழுத்துதான் வேறுபாடுகளைப் பிறப்பித்தது என்று கோல்ட்ஸிஹர் போன்ற மேலை ஆய்வாளர் கருதினர். ஓதுநர் மரபின் மறுப்பு வலிமையானது. ஃபாத்திஹா அத்தியாயத்தில் ஏழு ஓதுநருள் ஆஸிமும் கிஸாயீயும் 'மாலிக்' (உடையவன்) என்று ஓத, மற்ற ஐவர் 'மலிக்' (அரசன்) என்கின்றனர். பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. அதே வடிவம் 3:26-இல் வரும்போது எல்லோரும் 'மாலிக்' என்றும், 114:2-இல் வரும்போது எல்லோரும் 'மலிக்' என்றும் ஓதுகின்றனர். வேறுபாட்டுக்கு எழுத்தே காரணம் என்றால் அங்கும் பிரிந்திருக்க வேண்டாமா?

பொருள் விளக்கம் ஓதல் மரபுக்குப் பின்னரே வருகிறது. அபூ அலீ அல்ஃபாரிஸீ (இறப்பு 987) ஒவ்வோர் ஓதலுக்கும் இலக்கண நியாயம் தேடிப் பெருநூல் எழுதினார். தொழுகைக்கு முன் உடலைத் தூய்மை செய்வதைக் கூறும் 5:6-இல் கால்களைக் குறிக்கும் சொல் 'அர்ஜுலகும்' என்றால் கழுவுதல். 'அர்ஜுலிகும்' என்றால் ஈரக்கையால் தடவுதல் என்றும் கொள்ளலாம். இதைத் தோலுறைமேல் தடவும் சலுகை என்று சுன்னி அறிஞர் சிலர் விளக்க, ஷியா அறிஞர் வெறுங்காலைத் தடவுதல் என்கின்றனர்.

தமிழில் இவற்றைப் 'பாடபேதம்' என்பது வழக்கம். பாடபேதத்தில் பதிப்பாசிரியர் ஒன்றை ஏற்று மற்றவற்றை அடிக்குறிப்பில் தள்ளுவார். கிராஅத்தில் தகுதிபெற்றவை யாவும் ஒருசேர மூலமே. 1924 கெய்ரோப் பதிப்பால் மேலும் பரவிய, ஆஸிம் வழிவந்த ஹஃப்ஸ் முறை நமக்குப் பழக்கம். மொராக்கோவில் வேறோர் ஓதுநர் வழிவந்த வர்ஷ் முறையில்தான் தொழுகின்றனர். இரண்டுமே குர்ஆன். ஆகவே 'ஓதல்முறை' என்பதே பொருத்தமான தமிழ்.