காட்டுப்பள்ளியில் எந்தப் பள்ளி?

மீஞ்சூர்ல இருந்து கிழக்கால போற ரோட்டைப் பிடிச்சா முன்னாடி ஒரு கண்டெய்னர் லாரி, பின்னாடி ஒரு கண்டெய்னர் லாரி. நடுவுல நம்ம டூவீலர், வாய் நிறைய புழுதி. இந்த லாரிக்காரங்களுக்கு காட்டுப்பள்ளின்னா துறைமுகம். ஊர்னு ஒன்னு இருந்ததும், இருக்கிறதும் அவங்களுக்குத் தெரியணும்னு அவசியம் இல்லை.

நான் போனது வேற வேலையா. நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "யோவ், காட்டுப்பள்ளின்னா காட்டுக்குள்ள இருந்த சமணப் பள்ளிய்யா. ரெண்டாயிரம் வருஷத்துப் பேரு. பதிவா போடு"ன்னார். ரெண்டாயிரம் வருஷம்னு யாராவது சொல்லிட்டா எனக்குக் கை கால் ஓடாது. அடுத்த ஞாயித்துக்கிழமையே கிளம்பிட்டேன்.

கரையில வலை பொத்திக்கிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட போய் உட்கார்ந்தேன்.

"பெரியவரே, இந்தப் பக்கம் பழைய காலத்துல பள்ளி ஏதாச்சும் இருந்துச்சுன்னு சொல்லுவாங்களா?"

"எந்தப் பள்ளி தம்பி? பள்ளிக்கூடமா, பள்ளிவாசலா?"

"ரெண்டும் இல்லீங்க. சமணப் பள்ளி."

"அது தெரியாது தம்பி. எங்களுக்குக் கன்னி சாமிதான்."

நான் கேட்ட கேள்வியை விட அவர் திருப்பிக் கேட்டது நல்ல கேள்வின்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சது. எந்தப் பள்ளி?

பள்ளின்னா முதல்ல படுக்கை, உறங்குற இடம். பள்ளியறை, பள்ளி கொண்ட பெருமாள் எல்லாம் அந்த வழியில வந்ததுதான். அப்புறம் ஊர், சிற்றூர்னு ஒரு அர்த்தம். அப்புறம் துறவிகள் தங்குற இடம். இந்த மூணாவது அர்த்தத்துக்குத்தான் நம்மகிட்ட கல்லுல வெட்டின சாட்சி இருக்கு.

மதுரைக்குப் பக்கத்துல மாங்குளம், மீனாட்சிபுரம் மலை. அங்க குகைக் கல்வெட்டு இருக்கிறதை 1882ல ராபர்ட் சிவெல் பார்த்தார். எழுத்து அசோகரோட பிராமி மாதிரி இருக்கு, ஆனா படிச்சா பிராகிருதமா ஓடலை. 1924ல கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இந்த மாதிரிக் குகைக் கல்வெட்டுகளோட மொழி தமிழ்னு எடுத்துக் காட்டினார். அப்புறம் 1960களில் ஐராவதம் மகாதேவன் அதுல 'நெடுஞ்செழியன்'ங்கிற பாண்டியன் பேரைப் படிச்சார். காலம் கி.மு. 2-ம் நூற்றாண்டு வாக்கில் என்பது அவர் கணக்கு. விஷயம் இதுதான்: கணி நந்தன் என்கிற துறவிக்காக நெடுஞ்செழியனோட பணியாள் ஒருத்தர் குகையில படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கார். அந்த இடத்துக்குக் கல்வெட்டு சொல்ற பேர் 'பளிஇய்'. நம்ம பள்ளிதான், ஒரு 'ள்' குறைச்சலா :-) வெட்டிக் கொடுத்தவர் பேர் கடலன் வழுதி. மதுரை மலையில போய் கடலன்!

இன்னொன்னு இதை விடச் சுவாரசியம். அசோகர் தன்னோட பாறைக் கல்வெட்டுல, எல்லைக்கு வெளியில இருக்கிறவங்கன்னு ஒரு பட்டியல் கொடுக்கிறார். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், கூடவே 'சத்தியபுத்திரர்'. முதல் மூணு பேர் யாருன்னு சின்னப் பசங்களுக்கும் தெரியும். இந்தச் சத்தியபுத்திரர் யாரு? காஞ்சிபுரம்னு ஒருத்தர், மங்களூர்ப் பக்கம்னு ஒருத்தர், மகாராஷ்டிரம் வரைக்கும் கூடத் தேடினாங்க. 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில ஒரு குகைக் கல்வெட்டு கிடைச்சது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த 'பாளி'ன்னு ஒரே வரி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்ச அதே அதியமான் பேரு, அசோகர் பயன்படுத்தின அதே பட்டத்தோட. ஒரு பேரரசோட எல்லைப் புதிருக்கு விடை, ஒரு துறவியோட படுக்கைப் பாறை மேல இருந்திருக்கு. எனக்கு இந்தக் கல்வெட்டு மேல ஒரு தனிப் பாசம். பள்ளிங்கிற சொல்லை எங்க பார்த்தாலும் ஜம்பை ஞாபகம் வந்துடும்.

சமணர் மட்டும் இல்லை. நாகப்பட்டினத்துல ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரோட வருமானத்தைக் கொடுத்தான். குலோத்துங்கன் காலத்துச் செப்பேடு அந்த இடத்தைப் பெரும்பள்ளின்னு சொல்லுது. அந்தச் செப்பேடுகள் டச்சுக்காரங்க வழியா ஹாலந்து போய் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்ததால 'லெய்டன் செப்பேடுகள்'னு பேராச்சு. அதே டச்சுக்காரங்கதான் இந்தப் பழவேற்காட்டுல 1613ல கெல்டிரியா கோட்டை கட்டினவங்க. பெரும்பள்ளியில மிச்சம் நின்ன கோபுரத்தையும் 1867ல இடிச்சாச்சு.

அப்புறம் இஸ்லாம் வந்தப்ப தொழுகை இடத்துக்கு நம்ம ஆளுங்க புதுசா சொல் தேடலை. பள்ளிவாசல்! கேரளாவுல சர்ச்சும் பள்ளிதான். துறவிகள் பாடம் சொல்லிக் கொடுத்த இடம்கிறதால பள்ளிக்கூடம் வந்ததுன்னு பொதுவா சொல்லுவாங்க. பெரியவர் கேட்ட 'பள்ளிக்கூடமா, பள்ளிவாசலா'ங்கிற ஒத்தை வரியில இத்தனை மதமும் வரிசையா நிக்குது.

சரி, காட்டுப்பள்ளிக்கு வருவோம். நண்பர் சொன்னது உண்மையா?

உண்மையா இருக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா இடிக்குது. முதல் விஷயம், வெறும் 'ஊர்'ங்கிற அர்த்தத்துல வர்ற பள்ளிகள் தமிழ்நாடு முழுக்க இருக்கு. காவிரிப் பக்கம் ரெண்டு திருக்காட்டுப்பள்ளி உண்டு, ரெண்டும் பாடல் பெற்ற சிவத்தலம். பழவேற்காடு ஏரியோட பெரும்பகுதி ஆந்திராவுல கிடக்கு. தெலுங்குல பல்லெ, கன்னடத்துல ஹள்ளி, எல்லாம் ஊர்தான். புதர்க்காட்டு நடுவுல நாலு வீடு இருந்தா காட்டுப்பள்ளி. முடிஞ்சது.

ஆனாலும் ஒரு உறுத்தல். இந்தக் கரையில மத்த ஊர்ப் பேரெல்லாம் குப்பம். கோரைக்குப்பம், வைரவன்குப்பம், ஆண்டிக்குப்பம். இங்க மட்டும் ஏன் பள்ளி? அதுலயும் மீனவர் குடியிருப்புக்குப் பேர் காட்டுப்பள்ளிக் குப்பம். அப்படின்னா பள்ளிங்கிற பேர் முதல்ல இருந்து, அதோட அர்த்தம் மங்கின பிறகு குப்பம் வந்து ஒட்டியிருக்கணும்னு எனக்குத் தோணுது. பேர் பழசுதான். எவ்வளவு பழசுங்கிறதுதான் சண்டை.

சமணத் துறவி இங்க வந்து என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சுப் பார்த்தேன். மழைக்காலம் நாலு மாசம் புழு பூச்சியை மிதிச்சிடக் கூடாதுன்னு ஒரே இடத்துல தங்குறவங்க. கருவாடு காயுற வாசனைக்கு நடுவுல அஹிம்சை உபதேசமா? சிரிப்பு வந்தது. ஆனா சிரிச்சு ஒதுக்கவும் முடியலை. ஏன்னா பள்ளிக்குக் காசு கொடுத்தவங்க ராஜாக்கள் மட்டும் இல்லை, வியாபாரிகளும்தான். மாங்குளத்துலயே வெள்ளறைங்கிற ஊரோட வணிகர் சங்கம் கொடுத்திருக்கு. அழகர்மலைக் கல்வெட்டுல ஒரு பொற்கொல்லர், துணி வியாபாரி, கூடவே ஒரு உப்பு வணிகர் பேரும் இருக்கு. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் உப்பளம் போட்ட பூமி. உப்பு வியாபாரி இருக்கிற இடத்துல துறவிக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்தாங்கன்னா ஆச்சரியம் இல்லை. புழல்ல ஆதிநாதர் கோயில் இருக்கு, அது ஒன்னும் ரொம்பத் தூரமும் இல்லை. ஆக, நடந்திருக்கலாம். 'நடந்திருக்கலாம்'ங்கிறதை 'நடந்தது'ன்னு எழுதினா அது வரலாறு ஆகாது.

ஆதாரம் ஏன் இல்லைன்னு கேட்டா, மண்ணைப் பார்க்கணும். காட்டுப்பள்ளிக்குத் தெற்கே எண்ணூர் முகத்துவாரத்துல வந்து சேர்றது கொசஸ்தலையாறு. அதே ஆத்துல மேல போனா பூண்டி பக்கம் அதிரம்பாக்கம். 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கல்லாயுதம் கண்டெடுத்த இடம். சாந்தி பப்பு குழு தோண்டி, அங்க கிடைச்ச கைக்கோடரிகளோட காலம் சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011ல வெளியிட்டாங்க. அந்தப் பக்கமே பட்டரைப்பெரும்புதூர். தமிழக தொல்லியல் துறை 2015-16ல தோண்டினதுல கல்லாயுதம், உறைகிணறு, தமிழ் பிராமி எழுத்து இருக்கிற பானை ஓடு எல்லாம் ஒரே ஊர்ல. ஆத்துக்கு மேல்பக்கம் இவ்வளவு இருக்கு. முகத்துவாரத்துல ஒன்னும் இல்லை.

காரணம் சிம்பிள். அதிரம்பாக்கத்து மனுஷன் இந்தக் காட்டுப்பள்ளியைப் பார்த்திருக்கவே முடியாது. அப்ப இந்த நிலமே கிடையாது. 20,000 வருஷத்துக்கு முன்னாடி கூட கடல் மட்டம் இப்ப இருக்கிறதை விட 120 மீட்டர் வரை கீழ இருந்தது, கரை கிழக்கே தள்ளிக் கிடந்தது. பனி உருகி, கடல் ஏறி, அப்புறம் அலையும் நீரோட்டமும் சேர்ந்து மண்ணை ஒதுக்கிப் போட்டதுதான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற இந்தத் திட்டு. சில ஆயிரம் வருஷ வயசுதான். இன்னும் நகர்ந்துக்கிட்டே இருக்கு. முகத்துவாரம் அடைக்கும், வேற இடத்துல உடையும். படுக்கை வெட்ட ஒரு பாறை கிடையாது. இங்க ஒரு பள்ளி இருந்திருந்தா ஓலையில, மிஞ்சினா செங்கல்ல இருந்திருக்கும்.

இப்படி ஆதாரம் இல்லாத இடத்துலதான் நமக்கு ஆசை ஜாஸ்தியாகும். 'எரித்ரேயன் கடல் பயணக்குறிப்பு'ன்னு முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமி எழுதினதுல, சோழமண்டலக் கரையில கமரா, பொதுகே, சோபட்மான்னு மூணு துறைமுகம் வருது. பொதுகேதான் பழவேற்காடுன்னு 19-ம் நூற்றாண்டு ஆளுங்க சிலர் சொன்னாங்க. 1945ல வீலர் அரிக்கமேட்டைத் தோண்டின பிறகு அந்தப் பட்டம் புதுச்சேரிப் பக்கம் போயிடுச்சு. இன்னொரு ஆசை, எனக்கே வந்தது. ஏரிப் பக்கம் சாத்தாங்குப்பம்னு ஒரு ஊர் இருக்கு. எகிப்துல செங்கடல் ஓரம் குசேர் அல் காதிம்ல கிடைச்ச பானை ஓட்டுல தமிழ் பிராமியில 'சாதன்'னு எழுதியிருக்கு. அட, நம்ம சாத்தன்! ரோமாபுரிக்கே சரக்கு அனுப்பின சாத்தாங்குப்பத்துக்காரர்! அரை மணி நேரம் அப்படியே மிதந்தேன் :-) சாத்தன்ங்கிறது அந்தக் காலத்துல தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பேர்.

இத்தனை தேடலுக்கு நடுவுல, பெரியவர் சொன்னதை நான் கண்டுக்கவே இல்லை. எங்களுக்குக் கன்னி சாமிதான்.

நெய்தல் நிலத்துக்கு வருணன்னு தொல்காப்பியம் சொல்லுது. ஆனா பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்து மீனவர்கள் செய்யிறது வேற. பௌர்ணமி அன்னைக்குக் கடலுக்குப் போகாம, சுறாவோட கொம்பை நட்டு, அதுல தெய்வத்தை ஏத்தி வழிபடுறாங்க. கொம்புன்னா வாள்சுறாவோட ரம்பம் மாதிரி மூக்கா இருக்கலாம். அந்த மீன் இப்ப நம்ம கடல்ல அபூர்வம், 2001ல வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைக்குக் கொண்டு வந்தாச்சு. ராஜா கிடையாது, துறவி கிடையாது, பிடிக்கிற மீனையே சாமியாக்கின ஒரு நம்பிக்கை. இந்தக் கரையோரம் கன்னிமார் வழிபாடும் அப்படித்தான். பட்டினவர்களும் கும்பிடுறாங்க, இருளர்களும் கும்பிடுறாங்க. இருளர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில கூடுறது பௌர்ணமிக்குத்தான். இது அதோட நேர் வாரிசுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனா பெரிய மதங்களோட பள்ளியைத் தேடிப் போன நான், பக்கத்துல உயிரோட இருக்கிற ஒன்னைத் தாண்டிப் போயிட்டேன்.

அவசரமும் இருக்கு. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தப்ப காட்டுப்பள்ளிக் குப்பத்து ஜனங்களை வேற இடத்துக்கு மாத்தினாங்க. எல் அண்ட் டி கட்டின துறைமுகம் 2013ல ஓட ஆரம்பிச்சது, 2018ல அதானி கைக்குப் போச்சு. அதைப் பல மடங்கு பெருசாக்கிற திட்டத்தை மீனவர்கள் எதிர்த்தாங்க. 2021 ஜனவரியில நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப் போச்சு. எதிர்ப்புக்கு அவங்க சொல்ற காரணம் மண் அரிப்பும் மீனும்தான், கல்வெட்டு இல்லை. அதுல தப்பும் இல்லை. என்னோட கவலை சின்னது. ஊர் நகர்ந்துடுச்சு, பேர் மட்டும் துறைமுகத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. பாறை இல்லாத இந்த ஊருக்கு அந்தப் பேரைத் தவிர வேற கல்வெட்டு கிடையாது.

போன மாசம் மறுபடியும் போனேன். அதே பெரியவர், அதே வலை. இந்த வாட்டி ஒழுங்கா கேட்டேன்.

"கன்னி சாமி எங்க இருக்குங்க? பார்க்கலாமா?"

"இப்ப எங்க பார்க்கிறது? பூசை அன்னைக்கு வா தம்பி."

"இல்லீங்க, கல்லு, செலை மாதிரி எதுனா..."

"கல்லு எதுக்கு? ஈர மண்ணைப் புடிச்சு ஏழு வெப்போம். பூ வெச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, படைச்சிட்டு வந்துடுவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ராத்திரி தண்ணி ஏறும்ல. அது எடுத்துக்கும்."