அக்காவின் கண் அளவு

என் தமக்கைக்குக் கண்ணில் புரை விழுந்தபோது, டாக்டர் முதற்காரியமாகக் கண்ணின் நீளத்தை அளந்தார். "கண் என்ன ரவிக்கைத் துணியா, அளவு எடுக்க?" என்றாள் அக்கா. எட்டு வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள் அவள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

1940-ல் நடந்த விமானச் சண்டையில், கிளீவர் என்ற ஆங்கில விமானியின் கூண்டு நொறுங்கி, பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் கண்களில் பாய்ந்தன. ஒரு கண் போயிற்று. மற்றொன்றில் சில்லுகள் தங்கியும் கண் சாதுவாக இருந்தது. இதைக் கவனித்தவர் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. புரையை எடுத்துவிட்டு மூக்கில் கனத்த கண்ணாடியை ஏற்றுவதே அக்கால வழக்கம். எடுத்த இடத்தில் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணிக்கு வைத்தே விட்டார்.

ஆபரேஷன் ஜெயம்தான். ஆனால் அந்த அம்மாளுக்கு மைனஸ் 18 அளவில் கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது! இயற்கை லென்ஸின் வடிவத்தைப் பார்த்துச் செய்தார்கள். பிளாஸ்டிக்கோ ஒளியை அதைவிட அதிகம் வளைத்துவிட்டது. அந்தத் தவறு திருந்தியது. ஆயினும் வெகுகாலம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பவர்தான் வைத்தார்கள். சராசரிக் கண்ணின் நீளம் சுமார் 23.5 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரை, மூன்று பிசகும். ருஷ்ய டாக்டர் ஃபியோதரோவ் 1967-ல் கணக்குச் சூத்திரம் கொடுத்தார்; கேளா ஒலியால் கண்ணை அளந்தார்கள். அக்காவைப் போன்ற நீளக் கண்களில் அதுவும் ஏமாற்றும். பின்சுவர் பையாகத் தொங்குவதுண்டு. பார்வைப் புள்ளியை விட்டுப் பள்ளத்தின் அடியிலிருந்து எதிரொலி வந்தால், அளவு கூடும், லென்ஸ் பவர் குறைந்துவிடும். 1999-ல் வந்த ஒளிக்கருவியில் நோயாளி ஒரு விளக்கை உற்றுப் பார்க்க, பார்க்கும் இடமே அளக்கப்படுகிறது.

அக்காவின் கண் 30 மில்லிமீட்டர்!

"தூரம் தெரியும்படி வைக்கட்டுமா அம்மா, கிட்டத்தில் தெரியும்படி வைக்கட்டுமா?" என்று கேட்டார் டாக்டர். தூரம்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"தெருவில் போகிறவர்களைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? படுத்தபடி கதை படிக்கணும்."

பலருக்கும் 21-ஐ ஒட்டிய லென்ஸ். அவளுக்கு வைத்தது 8. இப்போது வாசலில் நான் வந்து நின்றால், "யாரது?" என்றுதான் கேட்கிறாள்.