மூடுபனி விளக்கின் கதை

மலைப்பாதையில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த அனுபவம் தெரிந்திருக்கும். ஒரு வளைவு திரும்பியதும் மூடுபனி சூழ்ந்துகொள்கிறது. பாதை தெரியவில்லையே என்று ஹெட்லைட்டை ‘பிரைட்’டில் போடுகிறோம். பாதை தெளிவாகத் தெரிவதற்குப் பதிலாக, கண்முன்னே வெள்ளைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டாற்போல் ஆகிவிடுகிறது. ‘டிம்’மில் போட்டால் நிலைமை சற்றுத் தேவலை. வெளிச்சத்தைக் கூட்டினால் பார்வை குறைகிறது. குறைத்தால் பார்வை கூடுகிறது. இஃது என்ன விந்தை?

சிறிய ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்களில் பலர், முன்புறம் இரண்டு மூடுபனி விளக்குகளைத் தாமே வீட்டில் பொருத்திக்கொள்ள விரும்புகிறார்கள். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். உங்கள் முன் மூன்று கேள்விகள் நிற்கும். எத்தனை வாட் விளக்கு வாங்குவது? வெள்ளையா, மஞ்சளா? அதை எங்கே பொருத்துவது? முதல் இரண்டு கேள்விகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் விடையின் பெரும்பகுதி மூன்றாவது கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. இது தெளிவாவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

கலங்கரை விளக்கம் கற்பித்த பாடம்

மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே மூடுபனியுடன் போராடியவர்கள் மாலுமிகள். கடற்கரைப் பாறைகளில் கப்பல்கள் மோதாமல் காக்க, கலங்கரை விளக்கங்களின் ஒளியை மேலும் மேலும் பெருக்கிப் பார்த்தார்கள். தெளிந்த இரவில் பல மைல் தொலைவு தெரிந்த விளக்கு, மூடுபனியில் சில நூறு மீட்டருக்குள் மறைந்துபோயிற்று. பிரெஞ்சுக் கலங்கரை விளக்கத் துறையைச் சேர்ந்த எமில் அல்லார் என்ற பொறியாளர் 1876-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணித விதியை வகுத்தார். தொலைவு கூடும்போது ஒளி இரண்டு வகையில் குறைகிறது. தொலைவின் இருமடிக்கு ஏற்ப அது பரவி மெலிகிறது. அத்துடன், வழியில் காற்றிலுள்ள துளிகள் ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு பங்கைச் சிதறடித்துவிடுகின்றன.

ஒரு கணக்கைப் பாருங்கள். நூறு மீட்டர் கடந்தால் 100-இல் 2 பங்கு ஒளியே மிஞ்சும் மூடுபனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 100 மீட்டர் தொலைவுக்கு ஒருவாறு தெரியும் விளக்கை, 200 மீட்டர் தொலைவுக்குத் தெரியும்படிச் செய்ய வேண்டும். பரவி மெலிவதை ஈடுகட்ட 4 மடங்கும், சிதறலை ஈடுகட்ட 50 மடங்கும் தேவை. ஆக மொத்தம் 200 மடங்கு ஒளி வேண்டும்! ஆற்றலைப் பெருக்கி மூடுபனியை வெல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மூடுபனி நேரத்தில் கலங்கரை விளக்கங்கள் மணியையும் பீரங்கியையும் சங்கொலியையும் நாடியதற்கு இதுவே காரணம்.

சாலைக்கு வந்த சிக்கல்

தொடக்ககால மோட்டார் வண்டிகளில், கால்சியம் கார்பைடுடன் நீர் சேர்த்து உண்டாக்கிய அசெட்டிலின் வாயுவை எரித்து வெளிச்சம் பெற்றார்கள். 1912-இல் கடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்குகளும் ஒருசேர வந்தன. வெளிச்சம் கூடியது, வேகமும் கூடியது. மூடுபனியின் ஆபத்தும் உடன் கூடியது.

இங்கிலாந்தில் சாலைப் பணி செய்துவந்த பெர்சி ஷா என்பவர், ‘பூனைக்கண்’ எனப்படும் சாலைக் குமிழுக்கு 1934-இல் காப்புரிமை பெற்றார். விளக்கொளி எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசைக்கே அதைத் திருப்பியனுப்பும் கண்ணாடிக் குமிழ் அது. இன்று நம் நெடுஞ்சாலைகளில் மின்னும் குமிழ்கள் அந்தப் பரம்பரையில் வந்தவை.

ஆயினும் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் புகைப்பனி மூடியபோது எந்த விளக்கும் உதவவில்லை. பேருந்துகளின் முன்னால் நடத்துனர்கள் தீப்பந்தம் ஏந்தி நடந்து வழிகாட்டினார்கள். நிலக்கரிப் புகை கலந்த அந்தக் காற்றைச் சுவாசித்து இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்கின்றன. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்ற இதுவே தூண்டுகோலாயிற்று.

மஞ்சளின் பெருமை உண்மையா?

இனி நிறத்தைப் பார்ப்போம். ‘மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவும்’ என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் கல்லூரி மாணவர்கள் பலரும் இதற்கு ராலே விதியைக் காரணம் காட்டுவதுண்டு. ராலே பிரபு 1871-இல் வானத்தின் நீலத்தை விளக்கினார். மிக நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்குமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் என்று காட்டினார். அதன்படி 0.45 மைக்ரான் அலைநீளமுள்ள நீலம், 0.65 மைக்ரான் அலைநீளமுள்ள சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகிறது. எனவே நீலத்தை வடிகட்டிவிட்டு மஞ்சளை மட்டும் அனுப்பினால் சிதறல் குறையும் என்பது வாதம்.

வாதம் அழகானதுதான். ஆனால் ராலே விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. துகள், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் அப்படிப்பட்டவை. மூடுபனியின் நீர்த்துளியோ பெரும்பாலும் சில மைக்ரான் முதல் இருபது மைக்ரானுக்கு மேலும் விட்டமுடையது. ஒளியின் அலைநீளத்தைவிடப் பத்து இருபது மடங்கு பெரியது. பெரிய துகள்களுக்கும் பொருந்தும் முழுமையான கணிதத்தை, ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு பல்கலைக்கழகத்தில் இருந்த குஸ்தாவ் மீ 1908-இல் வெளியிட்டார். கூழ்மக் கரைசலில் உள்ள தங்கத் துகள்களின் நிறத்தை விளக்குவதற்காக அவர் செய்த கணக்கு அது. அதை நீர்த்துளிக்குப் பொருத்திப் பார்த்தால், இவ்வளவு பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன என்பது தெரியவரும். இதற்கு ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை. வானம் நீலமாக இருக்கிறது. மூடுபனி வெள்ளையாக இருக்கிறது. மூடுபனி நீலத்தை மட்டும் தனியே சிதறடித்தால் அதுவும் நீலமாகத்தானே தெரிய வேண்டும்?

ஆனால் மீயின் கணக்கைக் கையால் போட்டு முடிப்பது பெரும் உழைப்பு. கணிப்பொறிகள் வரும்வரை அதைப் பயன்படுத்தியவர்கள் சிலரே. இதனிடையே பிரான்ஸ் 1936-இல் ஓர் ஆணை பிறப்பித்து, வண்டிகளின் முகப்பு விளக்குகள் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்றது. கண்கூச்சம் குறையும், மூடுபனியில் நன்கு தெரியும் என்பவை அன்று சொல்லப்பட்ட காரணங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரெஞ்சுச் சாலைகள் இரவில் மஞ்சளாகவே மின்னின. நெதர்லாந்தின் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், நடைமுறையில் வெள்ளையைவிட மஞ்சள் தெளிவாக மேலானது என்பதற்கு ஆதாரம் கிட்டவில்லை. 1993 முதல் பிரான்சிலும் புதிய வண்டிகளுக்கு வெள்ளை விளக்கே வந்தது.

அப்படியானால் மஞ்சள் விளக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டியதில்லை. நீலம் கலந்த ஒளியில் கண் கூடுதலாகக் கூசுகிறது. மஞ்சள் சிலருக்கு இதமாக இருக்கிறது. இன்றைய பன்னாட்டு விதிகள் மூடுபனி விளக்குக்கு வெள்ளை, மஞ்சள் இரண்டையும் அனுமதிக்கின்றன. ஆனால் அந்த இதத்தை ஊடுருவும் சக்தி என்று எண்ணி வேகத்தைக் கூட்டினால் அங்கேதான் ஆபத்து.

திரை எங்கிருந்து வருகிறது?

ஓட்டு வீட்டின் கூரை இடுக்கு வழியே வெயில் விழும்போது, அந்த ஒளிக்கற்றைக்குள் தூசுகள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். கற்றைக்கு வெளியிலும் அதே தூசு இருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மூடுபனியிலும் இதேதான் நடக்கிறது. விளக்கொளி படும் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி விளக்காகிறது. அவற்றுள் நமக்கு மிக அருகில் இருப்பவைதான் அதிக ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. நம் பார்வைக் கோடு ஒளியூட்டப்பட்ட மூடுபனியின் ஊடே சென்றால் அந்த வெண்மையே திரையாகிவிடுகிறது.

இப்போது வாட்டை இருமடங்காக்கினால் என்ன ஆகும்? சாலையிலிருந்து வரும் ஒளி இருமடங்காகும். திரையின் ஒளியும் இருமடங்காகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. கண் ஒரு பொருளைப் பிரித்தறிவது அந்த விகிதத்தைக் கொண்டுதான்.

ஆகவே வழி ஒன்றே. பார்வைக் கோட்டில் உள்ள துளிகளின்மீது ஒளி படாமல் செய்ய வேண்டும். கண் மேலே இருக்கிறது. எனவே விளக்கு கீழே இருக்க வேண்டும். ஒளிக்கற்றை தட்டையாகவும் அகலமாகவும் விரிந்து, அதன் மேல்விளிம்பு கத்தியால் அறுத்தாற்போல் முடிய வேண்டும். மேல்விளிம்புக்கு மேலே இருட்டு. அந்த இருட்டின் வழியாக நாம் பார்க்கிறோம். சாலையின் ஓரக்கோடும் நடுக்கோடும் கீழே தெரிகின்றன. இதுதான் மூடுபனி விளக்கின் முழு இரகசியம். கார் வகை வண்டிகளில் இவ்விளக்கு தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 80 செ.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் வாகன விதி கூறுவது இதனால்தான். ஜீப்பின் கூரைமேல் வரிசையாக விளக்குப் பொருத்துவது பார்வைக்குக் கம்பீரமாக இருக்கலாம். மூடுபனியில் அது நம் கண்ணுக்கு நேர் எதிரே நாமே கட்டிக்கொள்ளும் திரை.

வீட்டில் பொருத்தும்போது

1962-இல் ஐரோப்பாவில் ஹாலஜன் பல்பு வண்டிகளுக்கு வந்தது. 55 வாட் பல்பு இரண்டு பொருத்தினால் 110 வாட். 12 வோல்ட் பாட்டரியில் இது 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இந்த மின்னோட்டத்தை டாஷ்போர்டு சுவிட்ச்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர, ஒரு சதுர மி.மீ. தடிப்புள்ள ஆறு மீட்டர் ஒயரைப் பயன்படுத்தினால், அதன் மின்தடை சுமார் 0.1 ஓம். ஏறத்தாழ ஒரு வோல்ட் வழியிலேயே வீணாகும். ஒரு வோல்ட்தானே என்று எண்ணாதீர்கள். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் மும்மடிக்கும் மேலான விகிதத்தில் மாறுவதால், கால் பங்கு வெளிச்சம் போய்விடும். சுவிட்சும் சூடேறும்.

இதற்குத் தீர்வு ரிலே. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835-இல் அமைத்துக்காட்டிய கருவி அது. நெடும்பயணத்தில் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரை பூட்டுவதைக் குறித்த சொல்லே அதற்குப் பெயராயிற்று. சிறு மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்க, அது பெரு மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடுகிறது. பெரும்பாலான ரிலேக்களில் எண்கள் பொறித்திருக்கும். பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் ஒயர் 30-க்கு, விளக்குக்குச் செல்வது 87-இலிருந்து, சுவிட்சிலிருந்து வருவது 86-க்கு, எர்த் 85-க்கு.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றிவிடுங்கள். 15 ஆம்பியர் ஃப்யூஸைப் பாட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். ஃப்யூஸுக்கு முன்னால் ஒயர் உராய்ந்து பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கும். விளக்குக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். எர்த் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் அதைக் கெடுத்துவிடும். இன்றைய வண்டிகள் பலவற்றில் பம்பருக்குப் பின்னே இதற்கென்றே இணைப்பு முனை தயாராக இருக்கும். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், கம்பெனி ஒயரை வெட்டாதீர்கள். எல்.ஈ.டி. விளக்கானால் மின்னோட்டம் குறைவு; ஆனால் உயரமும் கற்றையின் வடிவமும் பற்றிய விதி மாறாது. கூடுதல் விளக்குக்கு அனுமதி உண்டா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

கடைசி வேலையே முதன்மையானது. சமதரையில், சுவருக்கு 5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, சுவரில் அந்த உயரத்துக்கு 10 செ.மீ. கீழே ஒரு கோடு போடுங்கள். கற்றையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் விழும்படி விளக்கைச் சாய்த்து இறுக்குங்கள்.

விளக்கு எதுவரை காக்கும்?

இப்படிச் சாய்த்த விளக்கு 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், கற்றையின் மேல்விளிம்பு 30 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். உங்களுக்குக் கிடைக்கும் சாலை அவ்வளவுதான். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் 11 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் வண்டி நிற்க மேலும் சுமார் 12 மீட்டர். மொத்தம் 23 மீட்டர்; தப்பிக்கலாம். அதே கணக்கு 60 கி.மீ. வேகத்தில் 44 மீட்டரைத் தாண்டும். விளக்கு காட்டும் எல்லைக்கு அப்பால் 14 மீட்டர் சென்றுதான் வண்டி நிற்கும். அந்த 14 மீட்டருக்குள் ஒரு மாட்டுவண்டி இருக்கலாம். பழுதாகி நிற்கும் லாரியும் இருக்கலாம்.

வட இந்தியாவின் விரைவுச் சாலைகளில் குளிர்காலந்தோறும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொள்வதைச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அவற்றில் நல்ல விளக்குள்ள வண்டிகளும் இருக்கத்தான் செய்கின்றன. அல்லார் 1876-இல் போட்ட கணக்கை எந்த விளக்கும் மாற்றி எழுதவில்லை. மூடுபனி விளக்கு பனியை விலக்குவதில்லை. நமக்கும் சாலைக்கும் இடையே ஒரு சிறு இருட்டு இடைவெளியைக் காத்துத் தருகிறது. அந்த இடைவெளிக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்தில் செல்வது ஓட்டுபவர் கையில்தான் இருக்கிறது.